14 அங்குலம் வெட்ட ஏழு வாரம்: துருப்பிடித்த பிக்கப்பும் ஒரு மிச்சிகன் பட்டறையும்

என் பழைய பிக்கப்பின் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்த பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. பெரியவரே வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவும் மகனுமாக இரண்டே பேர், இப்போதே மூன்று மாதத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறதாம். இதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் பழைய வண்டியை இழுத்துக்கொண்டு போனால் எனக்குத்தான் திட்டு விழும். டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டி 1984 செவர்லே கே10, நீளத் தொட்டி (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி), 1,800 டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்து செவர்லேயில் குட்டைத் தொட்டி வண்டிக்குத்தான் கிராக்கி, நீளத் தொட்டி என்றால் விவசாயி வண்டி என்று விலை இறங்கிவிடும். இரண்டுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்தான் வித்தியாசம்: ஒன்று 131.5 அங்குலம், மற்றது 117.5. அதாவது சேஸிஸின் நடுவில் 14 அங்குலத்தை எடுத்துவிட்டு, வாலிலும் கொஞ்சம் நறுக்கினால், குட்டைத் தொட்டி அப்படியே உட்கார்ந்துவிடும். சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். போன வருடம் மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டும் பார்க்கான ஹாலி ஓக்ஸ் போய் ஒரு மண்மேட்டில் ஏற்றினேன். முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. கோயில் திருவிழாவில் சீசா பலகை மாதிரி ஆடிக்கொண்டு நின்றேன், எவனோ ஒரு பையன் வின்ச் போட்டு இழுத்து இறக்கினான். சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைந்தால் வயிறு தட்டுவது குறையும். கணக்கு அவ்வளவுதான்.

முதலில் நான் கேட்டது 14 இல்லை, 25. இதே சேஸிஸ் குடும்பத்தில் வந்த, ஜீப் மாதிரிக் குட்டையான செவர்லே பிளேஸருக்கு 106.5 அங்குலம்தானே, அந்த அளவுக்கே வெட்டிவிடலாம் என்று பேப்பரில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பெரியவர் பேப்பரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியை ஏற்கெனவே நாலு அங்குலம் தூக்கி வைத்திருக்கிறாய், டிரைவ்ஷாஃப்ட்டை (எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) அவ்வளவு குட்டையாக்கினால் அது நிற்கும் சரிவில் அதன் முனையில் இருக்கும் யூ ஜாயின்ட் என்ற மூட்டு மாதத்துக்கு ஒன்று போகும், செங்குத்தான ஏற்றத்தில் மல்லாக்க விழவும் வாய்ப்பு கூடும், பிளேஸர் வேண்டுமென்றால் பிளேஸரை வாங்கு என்றார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்துகொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போகும் ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்தது. கொஞ்சம் கோபம்தான் வந்தது. சரி என்று 14-க்கு இறங்கி வந்தேன்.

அப்புறம் சுத்தியல். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் ஓடுகிறது, அப்புறம் கஞ்சத்தனம் எதற்கு! நாற்பது வருடம் அதில் ஊறிய சேஸிஸ் எப்படி இருக்கும்? பெரியவர் உருண்டைத் தலைச் சுத்தியலால் முன்னாலிருந்து சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். கேபின் முடியும் இடம் வரை டிங். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடத்தில் டொக் என்றது. இன்னொரு தட்டு, அப்பளம் மாதிரி ஒரு தகடு துரு பெயர்ந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்தார்: நல்ல இடத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல், அந்த இடத்தில் 3 கூட இல்லை. இதைவிட மோசமாக இருந்தால் வேலையைத் தொடவே மாட்டேன், அரிசோனா பக்கம் போய்த் துருப்பிடிக்காத சேஸிஸ் ஒன்று வாங்கி வா என்று அனுப்பியிருப்பேன் என்றார். கடைசியில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வளைத்துப் போட்டார்கள். தனிச் செலவு 375.

தட்டிக்கொண்டு வந்ததில் இன்னொன்றும் கிடைத்தது. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சட்டத்தில் மயிரிழை விரிசல். இந்தத் தலைமுறை நாலு சக்கர இழுவை செவர்லேயில் இது ஊரறிந்த வியாதி. பெரிய டயர் மாட்டியவர்கள் எல்லோரும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். நான் இரண்டு வருடம் அந்த விரிசலோடு ஓட்டியிருக்கிறேன்! அதற்கு ஒரு வலுத்தகடு, 220.

முதல் வாரம் முழுக்க வெட்டவே இல்லை. நான் சனிக்கிழமை ஆசையாகப் போய்ப் பார்த்தால் வண்டி அப்படியே ஸ்டாண்டில் நிற்கிறது, தரை முழுக்கச் சாக்குக்கட்டிக் கோடு. சேஸிஸின் ஒவ்வொரு முக்கிய ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடும் இடத்தைத் தரையில் குறித்து, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு குறுக்கு அளவும் ஒன்றாக வந்தால் சேஸிஸ் நேராக இருக்கிறது, வராவிட்டால் ஏற்கெனவே கோணல், வெட்டுவதற்கு முன்னால் அதை நிமிர்த்த வேண்டும். எங்கள் ஊரில் கொத்தனார் வீட்டுக்கு மூலைமட்டம் பார்ப்பது இதேதான், இங்கே செங்கலுக்குப் பதில் இரும்பு. என் வண்டியில் முக்கால் அங்குலம் வித்தியாசம், யாரோ எப்போதோ பின்னால் இடித்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டிய பிறகு அது எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குள் வந்தது, டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது நான்தான்.

வெட்டு நேராக மேலிருந்து கீழே இல்லை. அப்படி வெட்டிப் பற்றவைத்தால் பாரம் முழுக்க ஒரே கோட்டில் விழும், ஒருநாள் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இவர்கள் படி மாதிரி வெட்டினார்கள்: மேல் பாதி ஓர் இடத்தில், கீழ்ப் பாதி எட்டு அங்குலம் தள்ளி, நடுவில் படுக்கையாக ஒரு கோடு. வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கச் சட்டத்தையும் ஆங்கிள் இரும்பால் கட்டிப் பிடித்துக்கொண்டதால் எதுவும் ஒரு நூல்கூட நகரவில்லை. வெள்ளையாக மின்னும் வரை துருவைத் தேய்த்து எடுத்த பிறகுதான் வெல்டிங். உள்பக்கம் கால் அங்குலத் தகடு, இரண்டு முனையும் கூராகச் சீவியது. முனையைச் சதுரமாக விட்டால் வெல்ட் முடியும் அந்த நேர்க்கோட்டில்தான் விரிசல் தொடங்குமாம். தகட்டில் ஓட்டை போட்டு அதற்குள்ளும் பற்றவைத்து நிரப்பியிருக்கிறார்கள். மகன் போட்ட வெல்ட் வரிசையைப் பார்த்தால் அடுக்கி வைத்த காசு சாய்ந்து கிடப்பது மாதிரி இருக்கும், போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சேஸிஸுக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கிய பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, பிளேஸர் டேங்க் ஒன்றைப் பின்னால் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டச் சொன்னேன். அது நன்றாகவே வந்தது.

இனி குறை. மூன்று வாரம் என்றார்கள், ஏழு ஆனது, நடுவில் இரண்டு வாரம் போனையே எடுக்கவில்லை. 2,400 என்று ஆரம்பித்தது 3,260-ல் முடிந்தது. துருவும் விரிசலும் போக மீதி 265 பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் புதிதாகப் போட்டதற்கு. பழையதே போதும் என்று நினைத்தேன், கையில் எடுத்ததும் உடைந்தது, எனவே அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தச் செலவைச் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிரைவ்ஷாஃப்ட்டை இவர்கள் வெளியே வேறொரு கடைக்குக் கொடுத்து வெட்டி வாங்கினார்கள், வண்டி எடுத்த அன்றே 45 மைலில் கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரியும் அளவுக்கு அதிர்வு. கழற்றிப் பார்த்தால் தண்டின் இரண்டு முனையிலும் கவை மாதிரி இருக்கும் யோக் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. வெளியே கொடுத்தாலும் மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இவர்கள்தானே? காசு வாங்காமல் சரி செய்து பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தார்கள், ஆனாலும் எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது. பார்க்கிங் பிரேக் கேபிளைப் புதிதாகப் போடாமல் பழைய நீளத்தையே சுருட்டி டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெல்டிங்கில் அவ்வளவு பார்க்கிற மனிதர்கள் இதில் ஏன் இப்படி என்று புரியவில்லை.

செப்டம்பரில் மறுபடி ஹாலி ஓக்ஸ் போனேன். அதே மேடு. வயிறு ஓர் இடத்தில் லேசாக உரசியது, நிற்கவில்லை. இறங்கி வந்ததும் முதல் வேலையாகக் கீழே படுத்து டார்ச் அடித்து வெல்ட் ஓரத்தில் பெயின்ட் எங்காவது கீறியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

ஆக நாலு நட்சத்திரம். உங்களுக்கும் இப்படி ஒரு வண்டி இருந்து இதே மாதிரி பட்டறை ஒன்று அமைந்தால், தொட்டியை நீங்களே கழற்றி, சேஸிஸைப் பிரஷர் வாஷ் அடித்துக் கொண்டுபோய் விடுங்கள். எனக்கு அந்தச் சேற்றைச் சுரண்டவே நாலு மணி நேரக் கூலி போட்டிருந்தார்கள், அது அந்த 2,400-க்குள்ளேயே ஒளிந்திருந்தது.