பிரைவேட் நம்பரைத் திருப்பி அழைக்கப் போய் நான் ஏமாந்தது

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வாய்ஸ் கால் போகாது. அதனால் வேறொரு ஆப்பில் பேசுவார். ரூமில் நெட் இல்லாத நாளில் கூட இருப்பவர் போனை வாங்கி, மலிவு கார்டு போட்டுக் கூப்பிடுவார். அப்படி வரும் கால் சில நேரம் சம்பந்தமில்லாத ஓர் எண்ணைக் காட்டும், சில நேரம் ‘பிரைவேட் நம்பர்’ என்று மட்டும் காட்டும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு இது பழகிய விஷயம்.

போன ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக நான் அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக்தான். மூன்றாம் நாள் பொழுது சாய மாட்டைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால், போனில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் பிரைவேட் நம்பர். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கால் போகவில்லை. நல்ல சேதியென்றால் ஒரு தடவை கூப்பிட்டு விட்டிருப்பார், மூன்று தடவை ஏன் என்று மனசு அடித்துக்கொண்டது.

கூகுளில் பேசித் தேடினேன்: பிரைவேட் நம்பருக்குத் திருப்பிக் கால் பண்ணுவது எப்படி? வந்த பக்கங்களில் ஒன்றில், என் சிம் கம்பெனியின் கஸ்டமர் கேர் என்று ஒரு பத்து இலக்க மொபைல் எண் இருந்தது. கஸ்டமர் கேருக்கு மொபைல் எண் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

எடுத்தவன் நல்ல தமிழில், “சொல்லுங்கக்கா” என்றான். விஷயத்தைச் சொன்னதும், “பயப்படாதீங்கக்கா, அந்த நம்பர் உங்க சிம்லதான் மறைஞ்சிருக்கு. நான் சொல்ற கோடை அடிங்க, மெசேஜா வந்துரும்” என்றான். ஸ்டார் 21 ஸ்டார், அதன் பிறகு ஒரு பத்து இலக்க எண், கடைசியில் ஹாஷ். அடித்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கால் பார்வர்டிங், அதாவது எனக்கு வரும் கால்களை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி, பதிவாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு தெரிந்தது. “சர்வர் அப்டேட் ஆகுதுக்கா, பதினைஞ்சு நிமிஷம் யாருக்கும் கால் பண்ணாதீங்க, எந்த மெசேஜ் வந்தாலும் விட்டுருங்க” என்றான். விட்டேன். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப் கோடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்தது.

அவன் செய்தது இதுதான். என் எண்ணைத் தன் போனில் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். கோடு எஸ்எம்எஸ்ஸில் எனக்கு வந்தாலும், ‘போனில் கூப்பிட்டுச் சொல்’ என்று வாட்ஸ்அப்பைக் கேட்க முடியும். அந்தக் கால் என் எண்ணுக்கு வந்து அப்படியே அவன் எண்ணுக்குத் திரும்பிவிட்டது. ஆறு இலக்கத்தைக் காதால் கேட்டுக்கொண்டான். என் வாட்ஸ்அப் என் போனிலிருந்து வெளியே போய்விட்டது. என் போனில் சேமித்த எண்கள் அவனிடம் இல்லை, ஆனால் குடும்ப குரூப் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொருவருக்கும், “ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரம், 18,000 போடுங்க, பிறகு பேசுறேன்” என்று அனுப்பினான்.

அக்கா வீட்டு அத்தான் விவரமானவர். கேட்டவுடன் போடவில்லை, முதலில் எனக்குக் கால் பண்ணியிருக்கிறார். அந்தக் காலும் அவனுக்குத்தான் போனது. “அவங்களுக்கு டிரிப்ஸ் ஏறுதுங்க, பேச முடியல” என்றிருக்கிறான். அத்தான் முதலில் 10,000, அப்புறம் 8,000 போட்டுவிட்டார். ‘பணம் கேட்டு மெசேஜ் வந்தால் கால் பண்ணி உறுதி செய்யுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, பார்வர்டிங் போட்டுவிட்டால் அந்த வழியும் அடைத்துவிடும். வீடியோ காலிலோ நேரிலோ முகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. அதே ராத்திரி என் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பொண்டாட்டி நம்பரில் ஓர் ஆண் குரல். “யாருப்பா நீ?” என்றதும் கட். பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. காய்ச்சலோடு கிடந்த மனுஷன் அந்த ஒன்றரை மணி நேரம் என்னென்ன நினைத்திருப்பார்! கடைசியில் மாமனாரின் பட்டன் போனுக்கு அடித்தார். நான் கையில் போனை வைத்துக்கொண்டு அவர் காலுக்காகக் காத்திருந்தேன்.

அக்கா மகன் பைக்கில் வந்துதான் கண்டுபிடித்தான். ஸ்டார் ஹாஷ் 21 ஹாஷ் அடித்தால், கால்கள் எந்த எண்ணுக்குத் திரும்புகின்றன என்று காட்டும். ஹாஷ் ஹாஷ் 002 ஹாஷ் அடித்தால் எல்லா பார்வர்டிங்கும் நீங்கும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொன்னோம். 8,000 ஒரு கணக்கில் முடக்கப்பட்டது, 10,000 அதற்குள் கைமாறிவிட்டது. வாட்ஸ்அப்பில் கோடுக்கு மேல் இரண்டாவது பூட்டாக நாமே வைத்துக்கொள்ளும் ரகசிய எண்ணை (PIN) நான் போட்டிருக்கவில்லை. அவன் போட்டுவிட்டான். அதனால் திரும்ப உள்ளே போக ஏழு நாள் ஆனது. நான் முன்பே போட்டிருந்தால் கோடு கிடைத்தும் அவனால் நுழைந்திருக்க முடியாது.

தெளிவாகச் சொல்கிறேன். பிரைவேட் நம்பர் என்று காட்டினால், அந்த எண் உங்கள் போனுக்கு வந்து சேரவே இல்லை. வராத எண்ணை எந்தக் கோடும் எந்த ஆப்பும் எடுத்துத் தராது. தொல்லை கொடுக்கிற காலாக இருந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். சிம் கம்பெனியின் பதிவேட்டைக் கேட்டு வாங்க அவர்களால்தான் முடியும். இதே வேலையைச் செய்யும் ஸ்டார் 401 கோடு வழியான பார்வர்டிங்கைத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைத்தது. அதோடு ஆபத்து தீர்ந்தது என்று இருந்துவிட வேண்டாம், என்னை அடிக்கச் சொன்னது 21.

எண் தெரிகிற மிஸ்டு காலிலும் ஒரு வகை உண்டு. ஒரு ரிங்கில் கட் ஆகும். ஜப்பானில் தொடங்கியது, அங்கே வாங்கிரி என்பார்கள். முன்னால் பிளஸ் 91 இல்லாமல் 232, 371, 375 என்று தெரியாத நாட்டு எண்ணாக இருந்தால் திருப்பி அழைக்காதீர்கள். அழைத்தால் நிமிடத்துக்கு நிமிடம் வெளிநாட்டுக் கட்டணம் ஏறும். எங்களுக்குப் பழக்கமானது அவர் இருக்கும் நாட்டின் 971 மட்டும்தான்.

இப்போது அவர் அடுத்தவர் போனிலிருந்து கூப்பிடுவதென்றால், முதலில் மாமனாரின் பட்டன் போனுக்கு அடித்து, “அவளை எடுக்கச் சொல்லுங்க” என்கிறார். முடக்கிய 8,000 இன்னும் கைக்கு வரவில்லை, அதற்காக இரண்டு தடவை தஞ்சாவூர் போய் வந்தேன். அத்தான் வேண்டாம் என்கிறார், ஆனாலும் தை மாதச் சீட்டு எடுத்ததும் 10,000-ஐக் கொடுத்துவிடுவேன்.