குங்ஃபூவா, வூஷூவா?

சீனச் சண்டைக்கலை என்றதும் நம் வாயில் முதலில் வருவது குங்ஃபூதான். ஆனால் அந்தச் சொல்லில் சண்டையே இல்லை. நாள்பட உழைத்துக் கைவந்த திறமை, அவ்வளவுதான் பொருள். சின்னக் குவளைகளில் பொறுமையாக ஊற்றித் தரும் தேநீருக்கும் சீனாவில் குங்ஃபூ தேநீர் என்றே பெயர். 1970-களில் ஹாங்காங் படங்கள் பரவிய பிறகுதான் உலகம் அதைச் சண்டையோடு சேர்த்துப் பார்த்தது. எனக்கு அந்தப் பழைய பொருள்தான் ரொம்பப் பிடிக்கும்.

அதே கலைக்கு இன்னொரு பெயரான வூஷூ நேரடியான சொல்: 'வூ' போர், 'ஷூ' கலை. 'வூ'வைக் குறிக்கும் சீன எழுத்துக்குள் ஓர் ஆயுதமும் 'நிறுத்து' என்ற குறியும் இருக்கின்றன. ஆயுதத்தை நிறுத்துவதே வீரம் என்பது பழைய விளக்கம். அந்தக் குறி முதலில் பாதத்தைக் காட்டியது, ஆகவே ஆயுதமேந்தி நடப்பது என்று பொருள் சொல்வோரும் உண்டு.

1928-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் சண்டைக்கலைக்கென ஒரு கழகம் தொடங்கியபோது இந்தக் கலைக்கு வைத்த பெயர் 'குவோஷூ', தேசியக் கலை. 1949-க்குப் பின் வூஷூ என்பதே அரசு பயன்படுத்தும் பெயர். அப்புறம் 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவும் ஆனது.