வார்டு சிஸ்டரா, கல்லூரி ட்யூட்டரா?

நர்சிங் மாணவிக்கு வார்டில் வேலை கற்றுக்கொடுக்க யார் சரி, வார்டு சிஸ்டரா, கல்லூரி அனுப்பும் ட்யூட்டரா (ஆசிரியையா)? கான்யுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை. "நரம்பைக் கண்ணால தேடாதே, விரலால தேடு" என்று சொன்ன ஒரு மெடிக்கல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்தான். அவருடைய பாடமெல்லாம் வேலையோடு வேலையாக நடக்கும். ட்ரேயில் எதை முதலில் வைப்பது, ரவுண்ட்ஸ் வருவதற்குள் எதை முடிப்பது, கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினரை மனம் நோகாமல் எப்படி வெளியே அனுப்புவது என எல்லாமே. ஆனால் வார்டு முழுக்க அவர் பொறுப்பு. நம் கை நடுங்கினால் "தள்ளு" என்று சிரிஞ்சை வாங்கிவிடுவார். நோயாளிக்கு அது நல்லதுதான். நமக்கு அன்றைய பாடம் போச்சு.

ட்யூட்டர் வேறு ரகம். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் 20 யூனிட் இன்சுலின் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ட்யூட்டர் மேம் நிறுத்தி, "குப்பியில் என்ன எழுதியிருக்கு?" என்றார். மில்லிக்கு 40 யூனிட். "சிரிஞ்சு மூடி என்ன கலர்?" ஆரஞ்சு. அதாவது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வெறும் 0.2 மில்லிதான், நோயாளிக்குப் போயிருக்கக்கூடியது 8 யூனிட். இதையே மாற்றி, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில், மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை 20 கோடு வரை எடுத்திருந்தால் 50 யூனிட் ஏறியிருக்கும். சிஸ்டராக இருந்தால் சிரிஞ்சை மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். மேம் என்னையே கணக்குப் போட வைத்தார். இன்றைக்கும் மூடியின் நிறத்தைப் பார்க்காமல் இன்சுலின் தொடமாட்டேன்.

எல்லா ட்யூட்டரும் அப்படி இல்லை, அதையும் சொல்லவேண்டும். நர்ஸ் மேசையில் உட்கார்ந்து மாணவி எழுதிய கேர் பிளானில் (நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தில்) சிவப்பு மையால் சுழிப்பதோடு வார்டு போஸ்டிங்கை முடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 10 மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். அந்தப் பத்துப் பேரும் நான்கு வார்டுகளில் சிதறி நின்றால், கூடவே நிற்க ஒருவரால் எப்படி முடியும்?

இரண்டையும் ஒருவரிடமே சேர்ப்பது வேலூர் வழி. 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.), பாடம் நடத்துபவர்களுக்கே வார்டுப் பொறுப்பும் உண்டு. சொல்லித்தருவதை அவரே செய்தும் காட்டவேண்டும் என்பதால் புத்தகத்துக்கும் கட்டிலுக்கும் இடைவெளி குறையும். சுமை இரட்டிப்பு என்பதும் உண்மை. எல்லாக் கல்லூரிக்கும் சொந்த மருத்துவமனை இல்லை என்பது தனிக் கதை.

அந்த வசதி இல்லாத இடத்தில் என் தேர்வு இதுதான்: முதல் இரண்டு வருடம் ட்யூட்டர், அப்புறம் சிஸ்டர். கேள்வி கேட்டுப் பழகிய மாணவி, சிஸ்டர் கையைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வாள். தலைகீழாக நடந்தால் கை வேகமாக ஓடும், காரணம் தெரியாது.

ஒன்றை மட்டும் இரண்டு பேரிடமும் ஒரே கண்டிப்போடு பார்ப்பேன். அந்த இன்சுலின் கணக்கை மேம் என்னிடம் கேட்டது வராந்தாவில். நோயாளி காதில் விழுகிற மாதிரி திட்டியிருந்தால், மறுநாள் அந்த அம்மாவே சொல்லியிருப்பார்: "இந்தப் பொண்ணு வேணாம், வேற யாராச்சும் வந்து ஊசி போடுங்க."