வேலூர் கால்பந்து ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் என்று சிதறிக் கிடக்கும் ரசிகர்களைச் சேர்க்க முதலில் கைக்கு வருவது வாட்ஸ்அப்தான். எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஞாயிறு காலை ஆறு மணி, பத்து பேர் வேணும்’ என்று போட்டால் விளையாட ஆள் சேர்ந்துவிடும். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம்.

கூட்டம் பெருகும்போதுதான் தலைவலி. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்கு நள்ளிரவு 12.30-க்கோ 1.30-க்கோ தொடங்குகின்றன. காலையில் எழுந்து பதிவைப் பார்க்க நினைப்பவர் போனைத் திறந்ததும் ஸ்கோர் முகத்தில் அறையும். டெலிகிராமில் ஒரே குழுவைத் தலைப்புவாரியாகப் பிரிக்கலாம்: நேரலைக் கூச்சல் ஓர் அறையில், 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற ‘சென்னையின் எஃப்சி’ அணியைப் பற்றிய பேச்சு இன்னொன்றில். உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினா–பிரேசில் சண்டைக்குத் தனி அறை கட்டாயம். (கேரளத்திலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் இருந்தால் இரண்டு அறை!)

இரண்டு லட்சம் பேர் வரை இடம், போன் எண்ணைக் காட்டாமல் பேசும் வசதி எல்லாம் டெலிகிராம் பக்கம். முன்பின் தெரியாதவர்கள் நடுவே பேசத் தயங்கும் பெண் ரசிகர்களுக்குக் கடைசி வசதி ஒன்றே போதும் என்பேன்.

ஆனால் குழுவில் சேரும் இணைப்பைப் (லிங்க்) பொதுவில் விட்டால் பந்தயச் சூதாட்ட விளம்பரக்காரர்கள் நுழைவார்கள். பொறுப்பான அட்மின்கள் இரண்டு மூன்று பேர் கிடைக்கும் வரை வாட்ஸ்அப்பிலேயே இருங்கள்.