கீழக்கரைக்கு வரும் நீல டப்பா: டேனிஷ் வெண்ணெய் பிஸ்கட்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் பேரீச்சம்பழம், அத்தரோடு இந்தத் தகர டப்பாவும் வரும். வெளிநாட்டுச் சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கலாம், நல்ல பண்டம். ஆனால் நீல நிறத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

டப்பாவைக் கவிழ்த்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். கோதுமை மாவுக்குப் பக்கத்திலேயே வெண்ணெய் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பாமாயிலோ தாவரக் கொழுப்போ இருந்தால் வாசனை எசன்ஸில் வந்தது. அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குக் கீழேயே உருகுவதால் நாக்கில் நிற்காமல் கரைந்துவிடும். தயாரிப்பு நாடு, காலாவதித் தேதி, மூடியைச் சுற்றிய டேப் பிரியாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெண்ணெய் டென்மார்க்குக்குச் சோறு போட்ட பொருள். 1870களில் அமெரிக்க, ரஷ்யத் தானியம் மலிவாக வந்து குவிய, பயிர் கட்டுப்படியாகாத டேனிஷ் விவசாயிகள் கறவை மாட்டுக்கு மாறினார்கள். 1882இல் யெடிங் கிராமத்தில் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை வந்தது. இந்தக் கூட்டுறவுகளில் பத்து மாட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு, ஒற்றை மாட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு! அந்த வெண்ணெய் பெரும்பாலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இந்த டப்பாக்களில் வரும் பிராண்டுகளில் ஒன்றான கெல்ட்சன்ஸ் 1933இல் ஒரு சின்ன பேக்கரியில் தொடங்கியது. இன்னொரு பிராண்டான ராயல் டான்ஸ்க்கின் டப்பாவில் படமாக இருப்பது டென்மார்க்கின் ஃபூன் தீவிலுள்ள பண்ணை வீடு.

உள்ளே இருப்பதில் வெனிலா வளையம்தான் முதல் தரம். டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே சுடுவது. கைமுறுக்கைத் தளர்த்திச் சுற்றியது போன்ற பிரெட்சலில் மேலே சர்க்கரை நறநறக்கும். அந்த வடிவமே டேனிஷ் பேக்கரிகளின் வாசல் சின்னம். தேங்காய் பிஸ்கட் சுமார். உலர்ந்த துருவல் போட்டது, தேங்காய்ப்பாலில் கிண்டும் தொதல் தின்று வளர்ந்த நாக்குக்குப் பற்றாது.

நம் கடற்கரையில் இதற்கு எதிரி உப்புக்காற்று. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் திறந்து கிடந்தாலே நமுத்துவிடும். டப்பாவைத் திறந்ததும் பிஸ்கட்டை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பிஸ்கட்டின் மேல் காற்றின் ஈரம் படியும்.

நமுத்ததை மீட்க, கனமான பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்புப் பரப்பி, நடுவில் ஸ்டாண்டு வைத்து, சின்னத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தட்டில் பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வைத்து, ஐந்து நிமிடம் மூடியைச் சற்றுத் திறந்தே விடுங்கள். முழுக்க மூடினால் வெளியேறும் ஆவி திரும்ப உள்ளேயே இறங்கும். எடுத்த உடனே தொட்டால் பொடிந்துபோகும், வெண்ணெய் அப்போது உருகிய நிலையில் இருக்கும். கால் மணி நேரம் ஆறினால்தான் மொறுமொறுப்பு திரும்பும். ஓவன் உள்ளவர்களுக்கு 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் போதும்.

காலி டப்பா ஊசி நூலுக்குத்தான் போகும். விளிம்பில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவிவையுங்கள், இல்லையென்றால் மூடி துருவேறி இறுகிக்கொள்ளும்.