கடை முகப்பை எல்.ஈ.டி. விளம்பரத் திரைக்கு வாடகைக்குக் கொடுக்க இருப்போர் கவனத்திற்கு

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், ஏ4 பிரதான வீதியை நோக்கிய எனது கடையின் மேல்மாடி முகப்பைச் சென்ற வருடம் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுத்தேன். மாதம் 35,000 ரூபாய், ஐந்து வருட ஒப்பந்தம். கைக்கு வந்தது நான்கு மாத வாடகை மட்டுமே. அதன் பிறகு வந்தவை உள்ளூராட்சி சபையின் அறிவித்தலும், அயலவரின் மனக்கசப்பும், சட்டத்தரணிக்கான செலவும்தான். இதே ஆட்கள் இப்போது அக்கரைப்பற்றுப் பக்கமும் கட்டடம் தேடித் திரிவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த முகவர், "அண்ணன், சபை அனுமதி எல்லாம் எங்கட பொறுப்பு, நீங்க கையெழுத்த மட்டும் வைங்க" என்று சொல்லி, முத்திரை பதித்த ஒரு தாளின் போட்டோ பிரதியைக் காட்டினார். முத்திரையைக் கண்டதும் நான் மேற்கொண்டு வாசிக்கவில்லை. அது அனுமதிப்பத்திரம் அல்ல, விண்ணப்பக் கட்டணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு. விண்ணப்பமும் அச்சிட்ட சாதாரண விளம்பரப் பலகைக்கே தவிர, மின்திரைக்கு அல்ல. ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தின் 11 ஆம் பிரிவோ, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெறுவது கட்டட உரிமையாளரின் கடமை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தது. வாசிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை என்பதை மறுக்கவில்லை.

பொருத்தியது 16 அடிக்கு 8 அடி கொண்ட பி10 வகைத் திரை, அதாவது விளக்குப் புள்ளிகளுக்கிடையே 10 மில்லிமீற்றர் இடைவெளி உள்ளது. நேர் வெயிலிலும் படம் தெரிய வேண்டும் என்பதால், இவ்வகைத் திரைகள் 5,000 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளிரக்கூடியவாறு செய்யப்படுகின்றன. இரவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இந்த அளவுத் திரைகளுக்குப் பிரித்தானிய வழிகாட்டல், நகர்ப்புறத்தில் இரவு வரம்பாக 300 நிட்ஸைத்தான் சொல்கிறது. சுற்றுவெளிச்சத்துக்கேற்பத் திரையைத் தானாக மங்கச் செய்யும் உணரி உண்டென்று எங்களுக்குத் தந்த விளக்கத்தாளில் இருந்தது. பின்னர் ஏணி வைத்து ஏறிய மின்னியலாளர், உணரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளையையே கண்டார்.

வெள்ளைப் பின்னணியில் நகை விளம்பரம் வரும்போதெல்லாம் வீதியும் எதிர்வீட்டுக் கிணற்றுக்கட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போகும். எதிர்வீட்டு அம்மா சன்னலில் பழைய சாரமொன்றைக் கட்டிவிட்டு, "மனே, எங்கட அறைக்குள்ள விடிய விடியப் பகல்தான்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஈசல் மொய்த்ததில், கடைப் பையன் காலையில் படியிலிருந்து சிறகுகளைக் கூட்டி அள்ளிய பிறகே கதவைத் திறக்க முடிந்தது. கண் கூசி ஒரு முச்சக்கர வண்டி மதகில் ஏறிய பிறகுதான் முறைப்பாடு சபைக்குப் போனது; அறிவித்தல் என் பெயருக்கு வந்தது.

அலைந்த பிறகு தெரிந்துகொண்டவை இவை. விளம்பர அனுமதியும் வருடாந்தக் கட்டணமும் அந்தந்தச் சபையின் உபவிதிகளின்படியே அமைகின்றன. பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் அவற்றுக்குரிய கட்டளைச் சட்டங்கள். ஏ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை என்பதால், திரையைத் தாங்கும் இரும்புத் தூண் வீதி ஒதுக்கத்துக்குள், அதாவது வீதிக்கென ஒதுக்கிய ஓர நிலத்துக்குள், ஊன்றப்பட்டால் சபையின் அனுமதி மட்டும் போதாது. என் கடையில் இரண்டு தூண்களும் அதற்குள்தான் நிற்கின்றன. எனக்குக் காட்டப்பட்ட உபவிதியில் சதுர அடிக் கணக்கு விரிவாக இருந்தது, ஒளியின் அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒளியை அளக்கும் கருவியும் அங்கே இல்லை. ஆகவே நிட்ஸ் வரம்பையும், திரையை அணைக்க வேண்டிய நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவிக்காதவருக்கு வேறு பிடிமானம் இல்லை. முகவர் காட்டும் தாளை நம்பாமல், அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு சபைக்கு நேரில் போய்க் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

திரை அணைந்தபடி இன்னும் என் சுவரில்தான் இருக்கிறது. கழற்ற ஆள் அனுப்புவதாக மூன்று தடவை சொன்னார்கள். வந்தது, ஒப்பந்தத்தை இடைநடுவில் முறித்ததற்கு நட்டஈடு கேட்கும் கடிதம் மட்டுமே.