எக்ஸிஃப்டூல்: காட்டுக் கமராப் படங்களைப் பிரித்து அடுக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

இலங்கையின் வன்னியில் காட்டுக் கமரா (முன்னால் ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுப்பது) வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்குப் படத்துக்குக் குறைவில்லை. சோளகம் வீசத் தொடங்கினால் குளத்து அலைகரையில் வெயிலேறிய புல் ஆடியே கார்ட் நிரம்பிவிடும். காட்டுக்கரையில் வைத்த கமராவுக்கு முன்னால் பட்டிமாடுகள் காலையும் மாலையும் போய்வரும். ஒரு நிலையத்திலிருந்து, அதாவது கமரா வைத்த ஓர் இடத்திலிருந்து, எடுத்துவரும் கார்ட்டில் ஆயிரக்கணக்கான படம் இருக்கும். அதற்குள் ஒரு கரடி நாலே நாலு படத்தில் நிற்கும். அந்த நாலும் எந்த இடம், எந்த நாள் என்று சொல்ல முடியாமல் போனால் அது பதிவே இல்லை. இடம் மாறிப் பதிவானால் அதைவிட மோசம்: மாங்குளத்துக் கரடி முத்தையன்கட்டுக் கரடியாகி ஆய்வுக்குள் போய்விடும், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் பிரித்தடுக்கும் வேலைக்கு எக்ஸிஃப்டூல் நல்ல தெரிவு. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003இல் வெளியிட்டு, இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வரும் இலவச மென்பொருள். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. சிக்னல் எட்டாத களத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விசயம். பட்டன், மெனு ஒன்றும் கிடையாது, எல்லாம் கட்டளை வரிதான், கட்டளையைத் தட்டச்சு செய்துதான் ஓட்ட வேண்டும். படத்துக்குள் எழுதியிருக்கும் திகதி, நேரம், கமராத் தகவலை வாசித்து, அதன்படி ஃபோல்டர் உண்டாக்கிப் படத்தை அதற்குள் போடும். படத்துக்குள் இல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. இதை விளங்கிக்கொண்டு பாவித்தால் குறைசொல்ல இடமில்லை.

விண்டோஸில் நிறுவும்போதே பலர் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய ஃபைலின் பெயரில் அடைப்புக்குறிக்குள் ஒரு ‘ஹைஃபன் கே’ இருக்கும். அதை அழித்து வெறும் எக்ஸிஃப்டூல் என்று பெயர் மாற்றினால்தான் கட்டளை வரியில் அந்தப் பெயரால் கூப்பிடலாம். கூடவே வரும் துணை ஃபோல்டரையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஃபைலை மட்டும் எடுத்து வேறிடத்தில் போட்டால் ஓடாது.

மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பெரும்பாலான கமராக்கள் நிலையத்தின் பெயரைப் படத்துக்குள் எழுதுவதில்லை. ஜிபிஎஸ்ஸும் இல்லை. ஃபைல் பெயரோ பெரும்பாலும் ஒவ்வொரு கார்ட்டிலும் ஐஎம்ஜி 0001 என்பது போலவே தொடங்கும்; 9999 தாண்டினால் கமரா அடுத்த ஃபோல்டரைத் திறந்து திரும்ப ஒன்றிலிருந்து எண்ணும். ஆகவே இரண்டு நிலையத்துக் கார்ட்டுகளை ஒரே ஃபோல்டருக்குள் கொட்டினால், எந்த மென்பொருளாலும் அவற்றைத் திரும்பப் பிரிக்க முடியாது. கார்ட்டைக் கழற்றும் இடத்திலேயே அதன் உறையில் நிலையக் குறியீடும் திகதியும் எழுதுங்கள். கணினியில் செருகுமுன் கார்ட்டின் பக்கத்தில் இருக்கும் பூட்டுத் தள்ளியைக் கீழே இறக்குங்கள். நிலையத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கார்ட் எடுத்த திகதிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கார்ட்டை அப்படியே நகலெடுங்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், 2024-08-17 என்று எழுதினால்தான் ஃபோல்டர்கள் கால வரிசையில் நிற்கும். படங்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே எக்ஸிஃப்டூலுக்குப் போக வேண்டும்.

இனிக் கட்டளை. அதன் அடிப்படை வடிவம் ‘டிரெக்டரி’ என்ற சொல், அதை அடுத்து இடப்பக்கம் பார்க்கும் கோணக்குறி, பிறகு ‘டேட்டைம்ஒரிஜினல்’. படம் பிடித்த நேரத்தை எடுத்து ஃபோல்டர் பெயராக்கு என்பதே அதன் பொருள். இந்த முழுத் துண்டையும் விண்டோஸில் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும், மாக்கிலும் லினக்ஸிலும் ஒற்றை மேற்கோள். மேற்கோள் இல்லாவிட்டால் கணினி அந்தக் கோணக்குறியை வேறு கட்டளையாக எடுத்து, இல்லாத ஒரு ஃபைலைத் தேடும். ‘ஹைஃபன் டி’ போட்டுத் திகதியின் வடிவத்தைச் சதவீதக் குறியும் எழுத்துமாகக் கொடுக்கலாம்: ஆண்டு மட்டுமா, ஆண்டும் மாதமுமா என்று. நாளுக்கு ஒரு ஃபோல்டர் போடுவது வீண், மாதம் போதும். ‘ஹைஃபன் ஆர்’ போட்டால் உள் ஃபோல்டர்களுக்குள்ளும் இறங்கித் தேடும். ஆனால் பிரித்த படங்கள் போய்ச் சேரும் இடத்தை மூல ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் அடுத்த முறை ஓட்டும்போது ஏற்கெனவே அடுக்கியதையும் சேர்த்துக் கிளறும். கட்டளையை விண்டோஸில் பேட்ச் ஃபைலாக (கட்டளைகளைச் சேமித்து வைத்து ஓட்டும் ஃபைல்) எழுதிவைப்பவர்கள் ஒவ்வொரு சதவீதக் குறியையும் இரண்டாகப் போட வேண்டும். திரையில் ஓடிய கட்டளை பேட்ச் ஃபைலில் ஓடாமல் போவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

பெயரையும் அதே ஓட்டத்தில் மாற்றலாம். நிலையக் குறியீடு, திகதி, நேரம், கடைசியில் பழைய ஃபைல் எண். அந்தப் பழைய எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரு தூண்டலுக்கு மூன்று படம் எடுக்கும் கமராவில் மூன்றுக்கும் ஒரே வினாடி விழலாம், அப்போது பெயர் மோதும். மோதினால் எக்ஸிஃப்டூல் பழையதை அழிக்காது. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை காட்டிப் படத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். இந்தக் குணத்துக்காகவே இதற்குத் தனி மரியாதை கொடுக்கலாம். மோதும் பெயருக்குப் பின்னால் தானாக இலக்கம் சேர்க்கும் வசதியும் உண்டு, ஆனால் அதைப் பாவிக்க வேண்டாம். ஒரே கார்ட்டை இரண்டு பேர் இரண்டு தரம் நகலெடுத்திருந்தால் அந்தப் பிழைச் செய்திதான் காட்டிக்கொடுக்கும். தானாக இலக்கம் போட்டால் ஒவ்வொரு மானும் இரண்டு மானாகிவிடும்.

நகர்த்திய பின் ‘திரும்ப எடு’ என்று ஒரு கட்டளை கிடையாது. அதனால் முதலில் ‘டெஸ்ட்நேம்’ என்ற சொல்லைப் போட்டு ஓட்டுங்கள்: எந்தப் படம் எங்கே எந்தப் பெயரில் போகும் என்று காட்டும், ஒன்றையும் தொடாது. சரி என்றால் அந்தச் சொல்லை ‘ஃபைல்நேம்’ என்று மாற்றினால் போதும். ‘ஹைஃபன் ஓ’ போட்டு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் நகர்த்தாமல் நகலெடுக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை எப்போதும் நகலெடுப்பதே நல்லது.

கமராவின் கடிகாரம் அடுத்த தலையிடி. பற்றரி இறங்கிப் போய்ப் புதுசு போட்டால் சில கமராக்கள் பல வருசத்துக்கு முந்திய ஜனவரி முதலாம் திகதிக்குத் திரும்பிவிடும். எக்ஸிஃப்டூல் அதையும் நம்பி, அந்த வருசத்துக்கு ஒரு ஃபோல்டர் திறந்து படங்களைப் போட்டுவிடும். கமரா வைக்கும்போதும் கழற்றும்போதும் கைத்தொலைபேசியின் நேரத்தை அதன் முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், எவ்வளவு வித்தியாசம் என்று பிறகு கணக்குப் பார்க்கலாம். திருத்த இரண்டு வழி. ‘ஆல்டேட்ஸ்’ மூலம் படத்துக்குள் இருக்கும் நேரத்தையே மாற்றலாம்; ஒவ்வொரு படத்துக்கும் மூலப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் என்பதால் இடம் இரண்டு மடங்காகும். ‘குளோபல்டைம்ஷிஃப்ட்’ படத்தைத் தொடாது, வாசிக்கும்போது மட்டும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அடுக்கும். மூலத்தைக் கெடுக்காத இரண்டாவது வழி மேலானது. எவ்வளவு கூட்டினீர்கள் என்பதை அந்த ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிவைத்தால் போதும்.

ரெகொனிக்ஸ் கமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. அந்தக் கமராக்கள் தமக்கே உரிய தகவல் பகுதியில் கமராவின் தொடர் இலக்கம், வெப்பநிலை, நிலாவின் நிலை, தூண்டல் இலக்கம் எல்லாம் எழுதும். நீங்கள் கமராவுக்குள் கொடுத்த பெயர்ச்சீட்டும் அதில் இருக்கும். எக்ஸிஃப்டூல் இவற்றை வாசிக்கும் என்பதால், நிலையப் பெயரைச் சீட்டாகக் கொடுத்திருந்தால் அதன்படியே ஃபோல்டர் பிரிக்கலாம். சீட்டில் சாய்கோடு போன்ற குறி இருந்தால் தேவையில்லாத உள் ஃபோல்டர் முளைக்கும். கட்டளையில் நெளிவு அடைப்புக்குள் அந்தத் தகவலின் பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டால் அப்படிப்பட்ட குறிகளை நீக்கிவிடும். வேகமாக ஓடட்டும் என்று ‘ஃபாஸ்ட்2’ போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது கமராவுக்கு உரிய அந்தத் தகவல் பகுதியைத் தாண்டிப் போய்விடும், சீட்டும் கிடைக்காது. வேகம் வேண்டுமென்றால் படத்துக்கு ஒருமுறை கூப்பிடாமல் முழு ஃபோல்டரையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். நேரம் போவது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அது தொடங்குவதில்தான்.

ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்து விண்டோஸில் சிக்கல் தரும். ‘ஒட்டுசுட்டான்’ என்று தமிழில் வைத்த ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லலாம். ஃபைல் பெயரின் எழுத்துக் குறியாக்க முறையை யூடிஎஃப்8 என்று குறிப்பிட்டால் வழிக்கு வரும். ஆனாலும் நிலையத்துக்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் சேர்ந்த சின்னக் குறியீடு வைத்து, ஊர்ப் பெயரைத் தமிழில் ஓர் அட்டவணையில் எழுதிவைப்பதே பாதுகாப்பு. ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்த முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் வேறு மென்பொருட்களும் தடுமாறும்.

வீடியோவில் எக்ஸிஃப்டூலின் கை இவ்வளவு சுத்தமில்லை, குறை கமராக்களுடையதுதான். எம்பி4 வீடியோ ஃபைலின் நேரம் முறைப்படி யூடிசி (உலகப் பொது நேரம்) ஆக இருக்க வேண்டும், பல கமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவைக்கும். இலங்கை நேரத்தில் 5 மணி 30 நிமிட வித்தியாசம் விடியற்காலை விலங்கை நள்ளிரவு விலங்காக்கப் போதும். ஒவ்வொரு கமரா மாதிரிக்கும் ஒரு வீடியோவைச் சோதித்த பிறகே அடுக்குங்கள். நேரமே இல்லாத ஃபைலுக்கு ‘ஃபைல் மாற்றிய திகதி’யைப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது அடுக்கப்படாமல் வெளியே கிடக்கட்டும், கண்ணில் பட்டால்தான் யாராவது கவனிப்பார்கள்.

கட்டளை வரி பிடிக்காதவர்கள், ஆர் என்ற நிரல் மொழி தெரிந்தால், கேம்ட்ராப்ஆர் தொகுப்பைப் பார்க்கலாம். அதுவும் உள்ளுக்குள் எக்ஸிஃப்டூலையே கூப்பிடுகிறது, நிலையத்துக்கு ஒரு ஃபோல்டர் என்ற அமைப்பையே எதிர்பார்க்கிறது, பெயர் மாற்றும்போது நகலெடுத்தே மாற்றும். படங்களைப் பார்த்து இனம் குறிக்க டைம்லாப்ஸ் மென்பொருள் பாவிப்பவர்கள் வேலையின் ஒழுங்கை மாற்றக் கூடாது: அடுக்கும் வேலை முழுதும் முடிந்த பிறகே டைம்லாப்ஸைத் திறக்க வேண்டும். அது ஒவ்வொரு படமும் எந்த உள் ஃபோல்டரில் இருக்கிறது என்பதைத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. பாதி இனம் குறித்த பிறகு எக்ஸிஃப்டூலால் ஃபோல்டர்களை மாற்றினால், குறித்ததெல்லாம் ஒரு பக்கமும் படங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.